மணிக்கூண்டு இளவரசியின் கவுன்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜான்சன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். டிவிக்கு நேர் எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியில், ஜான்சன். சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையை அவர் இன்னும் கழற்றவில்லை. அவருக்கு இடப்பக்கம் கட்டிலில், காலைத் தொங்கப் போட்டபடி, அவர் மனைவி எஸ்தர். சுவரோரம் பாயில் நெசவாளி பரமசிவம். அவர் மடியில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் சாயம் போட்ட பட்டு நூல் சிட்டங்கள். டிவிக்குப் பக்கத்தில் ரிமோட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தவன் ஜான்சனின் மகன் ஜோசுவா. ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. ஞாயிறு மட்டும் லீவு. அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அது கட்சி சேர்ந்ததாக ஆகிவிடும்.

ஏனென்றால் அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"நிறுத்துடா! அங்கியே நிறுத்து!" என்றார் ஜான்சன்.

ஜோசுவா நிறுத்தினான். திரையில், மணிக்கூண்டின் சுழல் படியில் ஒரு காலை எடுத்து வைத்த கார்ட்டூன் இளவரசி அப்படியே நின்றாள். தலைக்கு மேலே பெரிய மணி. இரண்டு கையாலும் கவுனை லேசாகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

நான்கு பேரும் கவுனைப் பார்த்தார்கள். 

"இது இன்னா கலரு?" எஸ்தர்தான் முதலில் கேட்டார்.

பரமசிவம் எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று கண்ணைச் சுருக்கினார். "கத்திரிப்பூ. ஆனா நல்ல கத்திரிப்பூ இல்ல. கட்டிக் கட்டி, துவைச்சுத் துவைச்சு, கொடியிலியே வெளுத்துப்போன கத்திரிப்பூ."

"அப்ப ரோஸ் இல்லியா?" என்றார் ஜான்சன்.

"மயில் கழுத்தும் இல்ல" என்றார் எஸ்தர், பரமசிவத்தைப் பார்த்து.

"மாம்பழமும் இல்லம்மா" என்றான் ஜோசுவா, எஸ்தரைப் பார்த்து.

மூன்று கட்சியும் தோற்றுப்போன வழக்கு அது.

விஷயம் இதுதான். ஜான்சனின் மகள் சுகாசினிக்கு இன்னும் இரண்டு மாதத்தில் கல்யாணம். சர்ச்சில் தாலி கட்டும்போது உடுத்துகிற வெண்பட்டு மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. சாயங்கால வரவேற்புக்கான பட்டு பெண் வீட்டார் பொறுப்பு. அது எந்தப் பட்டு என்பது சுகாசினிக்கு ஆறு வயதாக இருக்கும்போதே முடிவாகிவிட்டது என்று ஜான்சன் நம்பிக்கொண்டிருந்தார்.

அன்று பொங்கல் விடுமுறை. டிவியில் ‘மணிக்கூண்டு இளவரசி’ போட்டார்கள். ரொம்பப் பழைய வெளிநாட்டு கார்ட்டூன் படம். ஆனால் இளவரசி நன்றாகத் தமிழ் பேசினாள். அந்தத் தெருவில் டிவி இருந்தது பரமசிவம் வீட்டில். தறி ஓடாத நாளாகையால் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்; பின்னால் பெரியவர்கள். சூனியக்காரன் ஓடிப்போய், ஊமையாக இருந்த மணி தானாக அடித்து, இளவரசி புதுக் கவுனில் படியிறங்கி வந்தபோது, சுகாசினி எஸ்தர் மடியிலிருந்து எழுந்து போய் டிவி கண்ணாடியில் விரலை வைத்தாள்.

"அப்பா, எனக்கு இது மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். ஜான்சன் சிரிக்கவில்லை. அப்போது அவர் கூலிக்குப் போய் ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "உன் கல்யாணத்துக்கு எடுத்துத் தரேம்மா. இதே மாதிரி. பட்டுல" என்றார்.

இப்போது அவர் ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் நிரந்தர எலக்ட்ரீஷியன். மகள் சென்னையில் நர்ஸ். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பரமசிவத்திடம் போய்ச் சொன்னார். "அன்னிக்கு உன் வூட்ல பாத்தோமே, இளவரசி கவுனு. அந்தக் கலர்ல ஒரு பொடவை. பாப்பாவுக்குச் சொல்லாதே. கல்யாணத்தன்னிக்கு மேடையில தான் அது பாக்கணும்."

"மறக்கக்கூடிய கலரா அது?" என்றார் பரமசிவம். "போய்க்கினே இரு, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து ஜான்சன் போனபோது தறியில் மயில் கழுத்து நிறத்தில் நீளவாக்குப் பாவு நூல் ஏறி, பச்சையும் நீலமுமாக மின்னிக்கொண்டிருந்தது.

"யாருக்குய்யா இது?"

"உன் பொண்ணுக்கு தான்யா."

"இளவரசி கவுனு ரோஸ்யா! வெங்காயத்தோல் ரோஸ்!"

"கலரை நீ எனக்குச் சொல்றியா? நான் உனக்கு ஒயரு எப்படி இழுக்கணும்னு சொல்லிக்கினு இருக்கேனா?"

ஒன்றாம் வகுப்புக்குப் பிறகு அவர்கள் போட்ட முதல் சண்டை அது. ஒன்றாம் வகுப்பில் சண்டை ஒரு பல்பத்துக்காக. அதுவும் கலர் பல்பம்.

சமாதானம் செய்யப் போன எஸ்தர், "ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப் போச்சு. அது மாம்பழ மஞ்சள். நான் தானே புள்ளைய மடியில வச்சுக்கினு பாத்தேன்" என்று சொன்னதோடு சமாதானம் முடிந்தது. அந்தச் சமயத்தில்தான், அந்தப் பழைய படத்தைச் சுத்தம் செய்து, வீட்டிலேயே பார்க்கிற மாதிரி மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள் என்று ஜோசுவா போனில் பார்த்துச் சொன்னான். தீர்ப்பு சொல்ல இதைவிட நல்ல கோர்ட்டு கிடையாது. வாடகைக்கு எடுத்தான். இரண்டு நாள் பார்க்கலாம். அப்புறம் தானாகப் போய்விடும்.

"இருங்க, டிவி செட்டிங்ல பிராப்ளம் இருக்கும்" என்றான் ஜோசுவா.

ரிமோட்டை அமுக்கினான். கவுன் வாடாமல்லியாகி, இளவரசியின் கன்னம் ரத்தம் கட்டியது போல் ஆனது. மறுபடி அமுக்கினான். கவுன் கடுகு நிறம். மறுபடி. ஊறவைத்த புளி.

"எதுடா நெசமான கலரு?" என்றார் ஜான்சன்.

"எல்லாமே நெசம்தான்பா. ஸ்டாண்டர்டு, விவிட், சினிமா, ஸ்போர்ட்ஸ்."

"ஸ்போர்ட்ஸா? கல்யாணத்துக்கு எதுடா ஸ்போர்ட்ஸு?"

பரமசிவம் பையிலிருந்து மயில் கழுத்துச் சிட்டத்தை எடுத்து, திரையில் கவுனோடு சேர்த்துப் பிடித்தார். திரை வெளிச்சம் பட்டதும் பட்டு தன் நிறத்தை விட்டுவிட்டு வேறு ஏதோவாகத் தெரிந்தது. அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, சிட்டத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெயிலில் பார்த்தார். நிறம் பத்திரமாக இருந்தது. அதற்கப்புறம் அவர் எந்தச் சிட்டத்தையும் டிவிக்குப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை.

அன்று சாயங்காலம் டிவி மெக்கானிக் பரசுராமனைக் கூப்பிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை. தெருவில் எல்லோருக்கும் அண்ணன். இப்போது டிவி ரிப்பேருக்கு யாரும் வருவதில்லை. செல்போன் கவர் விற்கிறார். ஆனாலும் ஸ்குரூ டிரைவரோடுதான் வந்தார்.

"இன்னா கம்ப்ளைண்டு?"

"கலர் சரியில்லண்ணா" என்றார் ஜான்சன். வழக்கின் மற்ற விவரங்களைச் சொல்லவில்லை. சொன்னால் இவரும் ஒரு நிறம் சொல்லுவார் என்று பயம்.

பரசுராமன் டிவியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். திறப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை. "இந்தக் காலத்து டிவியில மெக்கானிக்குக்கு வேலையே வைக்கிறதில்லப்பா. சாமி படம் மாதிரி மாட்டி வச்சுப் பாக்க வேண்டியதுதான்" என்று ஸ்குரூ டிரைவரைக் காதில் சொருகிக்கொண்டு ரிமோட்டை வாங்கினார். "மூஞ்சியைப் பாத்து செட் பண்ணணும். மூஞ்சி சரியா வந்தா துணி தானா சரியா வரும்."

"அது பொம்மை மூஞ்சிண்ணா" என்றார் பரமசிவம். "அதுக்கு எது சரின்னு எதை வச்சுச் சொல்லுவே?"

பரசுராமன் யோசித்தார். அப்புறம், "எஸ்தரு, நீ இப்படி வந்து டிவிகிட்ட நில்லும்மா" என்றார்.

எஸ்தர் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து இளவரசி பக்கத்தில் நின்றார். பரசுராமன் எஸ்தர் முகத்தையும் இளவரசி முகத்தையும் மாறி மாறிப் பார்த்து ரிமோட்டை அமுக்கினார். கொஞ்சம் கொஞ்சமாக இளவரசி கறுத்தாள். கடைசியில், நம் ஊர்ப் பெண் ஒருத்தி வெயிலில் நடந்துவிட்டு மணிக்கூண்டில் ஏறினாற்போல் லட்சணமாக வந்து நின்றாள்.

"இப்பதான் பாக்க நல்லா இருக்குது" என்றார் எஸ்தர், நிஜமாகவே சந்தோஷப்பட்டு.

"கவுனு செங்கல்லு ஆயிடுச்சு தங்கச்சி" என்றார் பரமசிவம்.

பரசுராமன் டீ குடித்துவிட்டு, டிவியில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மாற்றியதைப் பழையபடி ஆக்க ஜோசுவாவுக்கு ராத்திரிச் சாப்பாட்டு வேளை வரை ஆனது.

மறுநாள் ஜான்சனும் ஜோசுவாவும் வழக்குக்காக லீவு போட்டார்கள். எஸ்தருக்கு ஒரு யோசனை வந்தது. பொங்கலன்று படம் பார்த்தபோது ஜான்சனின் அக்கா மரியம்மாளும் கூட இருந்தார். இப்போது ஐயம்பேட்டையில் இருக்கிறார். யார் பக்கமும் சாயாத மனுஷி. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள்.

"அந்த இளவரசி கவுனா? ஏன் ஞாபகம் இல்லாம? செக்கச் செவேல்னு, குங்குமச் சிவப்பு" என்றார் மரியம்மாள். "நான் கூட அன்னிக்கு நெனச்சேன், வெள்ளைக்காரி சிவப்பு கட்டினா எவ்ளோ எடுப்பா இருக்குதுன்னு."

சாட்சி ஒன்று கூடியதும் நிறமும் ஒன்று கூடிவிட்டது. இன்னும் அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று எஸ்தர் விரல் விட ஆரம்பித்தார். ஜான்சன் அவர் கையைப் பிடித்து மடக்கினார்.

"கம்முனு படத்துல இருக்கிறதையே போட்டுடலாம்பா" என்றான் ஜோசுவா. "கத்திரிப்பூவும் நல்லா தானே இருக்குது."

வாடகை முடியப் போகிறது. போனில் படத்தை ஓடவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்தான். வெறும் கறுப்புதான் வந்தது. திருட்டுத்தனமாக எடுக்கக்கூடாதாம். டிவியில் ஓடவிட்டு, எதிரே நின்று போனில் போட்டோ எடுத்தான். அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு அவனும் ஜான்சனும் பரமசிவமும் சாயப்பட்டறை ஆனந்தகுமாரிடம் போனார்கள். பரமசிவம் வாழ்நாள் முழுக்க அவரிடம்தான் சாயம் போடுகிறார்.

ஆனந்தகுமார் முழங்கை வரை நீலமாக வெளியே வந்தார். போனை வாங்கிப் பார்த்தார். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே கொண்டுபோனார். அங்கே கவுன் பளிச்சென்று நீலமடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் சார்ஜ் குறைந்து திரை மங்கியது, கவுனும் மங்கியது.

"எந்தக் கலர் வேணும்? சார்ஜ் இருக்கும்போது இருக்கிறதா, இல்லாதபோது இருக்கிறதா?" என்று கேட்டார் ஆனந்தகுமார்.

"ரெண்டுக்கும் நடுவுல" என்றார் ஜான்சன்.

ரெண்டுக்கும் நடுவில் போட்டுக்கொடுத்த சிட்டம் மறுநாள் காய்ந்து வந்தது. கீரை கழுவிய தண்ணீரின் நிறம். பரமசிவம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கலர் இல்லீங்க" என்று ஆனந்தகுமாரே சொன்னார். "இது சந்தேகம்."

தறி நின்று பத்து நாளாகியிருந்தது. "பாவு ஏறி நிக்குது. ஊடை நூல் போடாம சும்மா பாத்துக்கினு உக்காந்திருக்கேன். தறி நின்னா என் வூட்ல அடுப்பும் நிக்கும், தெரியுமில்ல?" என்றார் பரமசிவம். "பேசாம மயில் கழுத்துலியே முடிச்சுடறேன்யா. பாப்பா கட்டினா எதுவும் நல்லாதான் இருக்கும்."

"நல்லா இருக்கிறது வேற, பரமசிவம். அது கேட்டது வேற."

"அப்ப பாப்பாவையே கேட்டுடேன்."

இதைத்தான் ஜோசுவாவும் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். ஜான்சன் அன்று சாயங்காலம், சுகாசினி ஹாஸ்டலுக்குத் திரும்புகிற நேரம் பார்த்து, போன் செய்தார். விஷயம் தெரியாதபடி கேட்க வேண்டும் என்று என்னென்ன பேசுவது என முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேம்பா. நீங்க மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். ஆமா, உனக்கு ரொம்பப் புடிச்ச கலரு எதும்மா?"

"எதுக்குப்பா? பொடவையா?"

"சேச்சே. சும்மா. சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கலாம்னு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எந்தக் கலரா இருந்தா இன்னாப்பா. உங்களுக்கு எது சௌகரியமோ அது பண்ணுங்க. எனக்கு எதுன்னாலும் ஓகே."

"ஓகேம்மா" என்று ஜான்சன் போனை வைத்துவிட்டார்.

அவர் எதிர்பார்த்த பதில்தான். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். ஸ்கூலில் டூர் என்று எல்லோரும் காசு கட்டியபோது, "பஸ்ல போனா எனக்குத் தலை சுத்தும்பா" என்றாள். அப்புறம் தினமும் பஸ்ஸில்தான் காலேஜுக்குப் போனாள், ஒரு நாளும் தலை சுற்றவில்லை. பிறந்த நாளுக்குக் கேக் வேண்டாம், கிரீம் பிடிக்காது என்றாள். அடுத்தவர் வீட்டுப் பிறந்த நாளில் கிரீமைத் தனியாக வழித்துச் சாப்பிட்டதை எஸ்தர் பார்த்துவிட்டு வந்து ராத்திரி அழுதார். வேண்டும் என்று அவள் வாயைத் திறந்து கேட்டது, பரமசிவம் வீட்டு டிவி கண்ணாடியில் விரலை வைத்து, அந்த ஒரே தடவை.

அதனால்தான் ஜான்சனால் விட முடியவில்லை.

மறுநாள் அவர் பரமசிவம் வீட்டுக்குப் போய், நின்றுபோன தறிக்கு முன்னால் உட்கார்ந்தார். "நாலு பேரு நாலு கலர் சொல்றோம். படம் அஞ்சாவதா ஒண்ணு காட்டுது. எங்க தப்பு?"

பரமசிவம் இதைப் பற்றி இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தார். "படத்தைச் சுத்தம் பண்ணினேன்னு போட்டிருக்கான் இல்ல? சுத்தம்னா இன்னா? அலசி இருக்கான். பழைய சரக்கை அலசினா சாயம் எறங்குமா எறங்காதா?"

ஜான்சன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதான்யா விஷயம்! அழுக்கு போவட்டும்னு அலசினான், சாயமும் கூடவே பூட்டுது. அவன் இன்னா பண்ணுவான், பட்டு பத்தித் தெரியாதவன். ஆனா அலசறதுக்கு முன்னாடி இன்னா கலர் இருந்துதுன்னு ஒரு பீஸாவது எடுத்து வச்சிருப்பான் இல்ல? நானே மாதிரிக்கு ஒரு இழை எடுத்து வைக்கறேனே."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டை அந்த நிமிஷத்தில் முடிந்தது. தப்பு இருவர் மீதும் இல்லை. படத்தைச் சுத்தம் செய்து வெளியிட்ட, மும்பையில் இருக்கிற கம்பெனி மீது.

"லெட்டர் போட்டுடலாம்" என்றார் ஜான்சன்.

லெட்டர் எழுதுவதில் ஜான்சனுக்கு நல்ல பேர். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழய்யா கற்றுக்கொடுத்த மாதிரி இடப்பக்கம் மார்ஜின் விட்டு, அனுப்புநர், பெறுநர் போட்டு, பொருள் எழுதி, அடியில் கோடு போட்டால்தான் அவருக்கு அடுத்த வரி ஓடும்.

"மெயில் அனுப்பினா ஒரு செகண்ட்ல போயிடும்பா" என்றான் ஜோசுவா.

"ஒரு செகண்ட்ல போறதை ஒரு செகண்ட்ல அழிச்சுடுவான். காகிதம்னா கிழிச்சுப் போடறதுக்காவது கையில எடுக்கணும்."

"மும்பையில தமிழ் யாரு படிப்பாங்க?"

"இளவரசிக்குத் தமிழ் பேசக் கத்துக் கொடுத்தவன் அங்கதானே இருக்கான்? அவன் படிப்பான்."

கட்டில், நாற்காலி, பாய் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மூவரும் சுற்றி உட்கார, ஜான்சன் எழுதினார். எழுதி முடித்து உரக்கப் படித்தார்.

"பொருள்: இளவரசி உடையின் உண்மை நிறம் தெரிவிக்கக் கோருதல், தொடர்பாக. மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் வெளியிட்டுள்ள படத்தைக் குடும்பத்துடன் பார்த்தோம். புள்ளி, கோடு ஏதுமின்றிச் சுத்தமாக உள்ளது. மகிழ்ச்சி. ஆனால் சுத்தம் செய்தபோது இளவரசியின் கவுனில் சாயம் இறங்கியிருப்பதாக எங்கள் ஊர் நெசவாளர் திரு. பரமசிவம் கருதுகிறார்."

"கைத்தறிப் பட்டு நெசவாளர்னு போடு" என்றார் பரமசிவம்.

போட்டார். மேலே படித்தார்.

"கவுனின் நிறம் நான் பார்த்தபோது வெங்காயத்தோல் ரோஸ். என் மனைவி பார்த்தபோது மாம்பழ மஞ்சள். மேற்படி நெசவாளர் பார்த்தபோது மயில் கழுத்து. என் அக்காள் பார்த்தபோது குங்குமச் சிவப்பு. நாங்கள் நால்வரும் ஒரே நாளில், ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள். பொய் சொல்லும் வழக்கம் யாருக்கும் இல்லை. நான்கு நிறத்திலும் ஒவ்வோர் இழை இத்துடன் ஒட்டி அனுப்பியுள்ளேன். சரியான இழைக்கு எதிரே டிக் செய்து, கூடவே வைத்துள்ள, விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய உறையில் திருப்பி அனுப்பவும்."

"சூப்பர்பா" என்றான் ஜோசுவா. இந்தத் தடவை அவன் கிண்டல் செய்யவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்குது" என்று ஜான்சன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் மகள் என்னிடம் இதுவரை கேட்டது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நானாக வாங்கிக் கொடுத்தவை. கேட்டதைக் கொடுப்பது வேறு, நாமாகக் கொடுப்பது வேறு என்பது, தங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் தங்களுக்கே தெரியும். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, ஜான்சன்."

எஸ்தர் எழுந்து உள்ளே போனார். பரமசிவம் பையைத் திறந்து, ஒவ்வொரு சிட்டத்திலிருந்தும் ஓர் இழை உருவி, நறுக்கிக் கொடுத்தார். தன் மயில் கழுத்து இழையை மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமாக நறுக்கினார். ஜான்சன் பார்த்தும் பார்க்காதது போல் ஒட்டினார். கீரை கழுவிய தண்ணீர் நிறத்தை யாரும் சேர்க்கச் சொல்லவில்லை.

தபால் ஆபீசில் ஜான்சன் உறையின் வாயில் பசை தடவி, ஓரம் ஓரமாக விரலால் நீவி ஒட்டினார். ஒட்டியதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கவுண்டரில் இருந்த நதியா எடை போட்டு, விலாசத்தைப் படித்துப் பார்த்து, அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள இன்னா சார் இருக்குது?"

"நூலும்மா. நாலு இழை."

"மும்பைக்கா?"

"எது சரின்னு அவங்களுக்குத்தான் தெரியணும்."

நதியா ஸ்பீட் போஸ்ட் ஸ்டிக்கரை ஒட்டி, முத்திரையை டக்கென்று குத்தினாள்.

"இன்னா ஜான்சா, கோர்ட்டு கேஸா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. பரசுராமன். கையில் பாஸ்புக்கோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

லெட்டர்தான் எழுதி முடிந்துவிட்டதே, இனி இவர் ஒரு நிறம் சொன்னாலும் சேர்க்க இடமில்லை என்ற தைரியத்தில், ஜான்சன் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சுகாசினி விரல் வைத்தது, தான் வாக்குக் கொடுத்தது, நான்கு பேர், நான்கு நிறம், கம்பெனிக்காரன் அலசி சாயத்தை இறக்கிவிட்டது, எல்லாம். பரசுராமன் ஸ்குரூ டிரைவர் இல்லாத காதைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"எங்க பாத்தீங்க நீங்க அந்தப் படத்தை?"

"பரமசிவம் வூட்லதாண்ணா. அந்தப் பழைய டிவியில. உங்க கடையில வாங்கினது தானே அது."

நதியா உறையை எடுத்துப் பின்னாலிருந்த சாக்குப் பையில் போட்டாள். பையின் வாயை ஒருவர் இறுக்கிக் கட்டி, வாசலில் நின்ற வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"அட ஜான்சா," என்றார் பரசுராமன், "நான் அவனுக்குக் குடுத்தது பிளாக் அண்ட் ஒயிட் டிவிப்பா."